சாய்ப்புக்கு ஒரு சதுர ஓட்டை

ஒரு டாக்டர், நோயாளியின் நெஞ்சில் ஸ்டெதஸ்கோப்பை வைத்தபடியே பேனா எடுக்கக் கோட்டுப் பைக்குள் கையை விட்டிருக்கிறார். பேனாவோடு ஒரு பிடி மரத்தூளும் வந்திருக்கிறது. நோயாளி எழுந்து உட்கார்ந்து, "டாக்டர், நீங்க மூக்குப்பொடி போடுவீங்களா?" என்று கேட்டாராம்.

அந்தக் கோட்டைத் தைத்தவள் என் மனைவி. அந்தத் தூளை உண்டாக்கியவன் நான்.

அவளுடைய தையல் அறைக்கும் என்னுடைய பட்டறைக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அவள் ஆஸ்பத்திரிகளுக்கு வெள்ளைக் கோட்டு தைக்கிறாள். நான் மேசையும் அலமாரியும் செய்கிறேன். இந்த இரண்டு தொழிலையும் அடுத்தடுத்த அறையில் வைத்தது யாருடைய யோசனை என்று எங்கள் வீட்டில் இப்போது யாரும் கேட்பதில்லை. என்னுடையதுதான்.

கோட்டு திரும்பி வந்த அன்று அவள் கத்தவில்லை. கத்தியிருந்தால் தேவலை. தையல் மெஷினை நிறுத்தி, நூலைப் பல்லால் கடித்து, நிதானமாகச் சொன்னாள்.

"இந்த மாசத்துக்குள்ள உங்க தூள் இந்தச் சுவரைத் தாண்டாம இருக்கணும். தாண்டினா, நீங்களும் உங்க ரம்பமும் என் தம்பி கராஜுக்குக் கிளம்பிடுங்க. அவன் பாதி இடத்தைக் காலி பண்ணி வச்சுட்டு, மாமா எப்ப வருவாருன்னு கேட்டுட்டே இருக்கான்."

கராஜ் என்றதும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

மச்சினன் தங்கமான ஆள். பைக் ரிப்பேர் செய்கிறான். தூங்கும் நேரம் தவிர மற்ற நேரமெல்லாம் பேசுவான். தூக்கத்திலும் பேசுவான் என்கிறாள் அவன் அக்கா. பேச ஆள் இல்லாவிட்டால் கார்பரேட்டரிடம் பேசுவான். ஒருமுறை ஒருவர் பைக்கை அவனிடம் விட்டுவிட்டு, அவன் பேசிக்கொண்டிருக்கும்போதே நழுவி, கடைத்தெருவுக்குப் போய்ச் சாமான் வாங்கிக்கொண்டு திரும்பி வந்திருக்கிறார். அவன் குனிந்த தலை நிமிராமல் அவருக்கே இன்னும் பதில் சொல்லிக்கொண்டிருந்தானாம்.

எனக்கு ஒரு பலகையை இழைத்து முடித்தால் அதைப் பார்த்துக்கொண்டு வெகுநேரம் சும்மா உட்கார வேண்டும். நடுவில் ஒரு புத்தகத்தை எடுத்து ஒரு பக்கம் படிப்பேன். படித்துவிட்டுச் சுவரைப் பார்ப்பேன். சுவரும் என்னைப் பார்க்கும். அதற்கு மேல் எங்களுக்குள் எதுவும் இருக்காது. பட்டறையில் எனக்கு இருக்கிற சுகமே அதுதான். கராஜுக்குப் போனால் நான் எந்தப் புத்தகத்திலும் அட்டையைத் தாண்ட மாட்டேன்.

ஆகவே, பட்டறையின் பின் சுவரோடு ஒட்டி ஒரு சாய்ப்பு கட்டுவது என்று முடிவு செய்தேன்.

தூசி உறிஞ்சும் மெஷின் ஒன்று பட்டறையில் ஏற்கெனவே இருந்தது. தொல்லையே அதுதான். ரம்பத்துக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, குழாய் வழியாகத் தூளை இழுத்து ஒரு பெரிய துணிப்பைக்குள் தள்ளும். பருமனான தூளைப் பை பிடித்துக்கொள்ளும். மாவு போன்ற தூளைத் துணி வழியாகப் பட்டறைக்கே திருப்பிக் கொடுத்துவிடும். போதாததற்கு ஊளை வேறு. அதை வெளியே கொண்டுபோய், மூன்று பக்கம் சுவர் எழுப்பி, மேலே சாய்வாகத் தகரம் போட்டு, உள்ளே நிறுத்தி, ஒரு கதவையும் வைத்துவிட்டால் தூளும் ஒழியும், சத்தமும் ஒழியும். குழாய் போக, பட்டறைச் சுவரில் ஒரு வட்ட ஓட்டை வேண்டும்.

ஒரு சதுர ஓட்டையும் வேண்டும். மெஷின் தூளை மட்டும் இழுப்பதில்லை. பட்டறையில் இருக்கிற காற்றையும் சேர்த்து இழுத்துச் சாய்ப்புக்குள் கொட்டும். அந்தக் காற்று பட்டறைக்குத் திரும்ப ஒரு வழி இருந்தாக வேண்டும். சதுர ஓட்டையில் தடித்த வடிகட்டித் துணி ஒன்றை மாட்டிவிட்டால் மாவுத் தூள் சாய்ப்பிலேயே தங்கிவிடும், வெறும் காற்று மட்டும் திரும்பும். இதையெல்லாம் நான் படித்து, யோசித்து, மனதுக்குள் பலமுறை கட்டிப் பார்த்திருந்தேன். யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

கொத்தனாரை எனக்குப் பார்த்தவுடனே பிடித்துவிட்டது. வந்தார். சுவரைப் பார்த்தார். நானும் பார்த்தேன். தரையில் சாக்பீஸால் கோடு போட்டேன். தலையை ஆட்டினார். சுவரில் ஒரு வட்டமும் ஒரு சதுரமும் வரைந்தேன். அதற்கும் ஆட்டினார். இப்படி ஒரு மனிதரை நான் வாழ்நாள் முழுக்கத் தேடிக்கொண்டிருந்தேன் என்று அப்போதுதான் தெரிந்தது. அவர் கலவை போட, நான் செங்கல்லை நனைக்க, இருவரும் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தோம். டீ குடிக்கும்போது ஆளுக்கொரு திசையைப் பார்த்துக்கொண்டு குடித்தோம்.

மச்சினன் தினமும் கராஜைப் பூட்டிவிட்டு உதவிக்கு வந்துவிடுவான். ஒவ்வொரு செங்கல்லோடும் ஒரு கதை வரும்.

"மாமா, இதைப் பாருங்க, மூலை உடைஞ்சிருக்கு. எங்க ஹெட்மாஸ்டருக்கு முன்பல்லு இதே மாதிரிதான். அது எப்படி உடைஞ்சுதுன்னா..."

"டேய், செங்கல்லைக் கொடுத்துட்டுப் பேசுடா!" தையல் அறையிலிருந்து அக்காவின் குரல் வரும்.

"கொடுத்துட்டா அப்புறம் எதைப் பத்திக்கா பேசுறது?"

அவனுக்கு இந்தச் சாய்ப்பு சரியாக வராமல் போனால்தான் லாபம். ஆனாலும் வியர்வை சொட்டச் சொட்டச் செங்கல் சுமந்தான். நடுநடுவே எனக்கு ஆறுதலும் சொன்னான். "நல்லபடியா வரட்டும் மாமா. வரலேன்னாலும் மனசைப் போட்டுக் குழப்பிக்காதீங்க. உங்களுக்குன்னு ஒரு ஸ்டூல் வாங்கிட்டேன். எனக்கும் ஒண்ணு. பக்கத்துப் பக்கத்துலதான் போட்டிருக்கேன்."

அந்தப் பக்கத்துப் பக்கத்து ஸ்டூல்கள் என் கனவில் வர ஆரம்பித்தன.

சுவர் எழும்பியது. கொத்தனார் நான் வரைந்த இடத்திலேயே வட்ட ஓட்டையையும் சதுர ஓட்டையையும் அழகாக உடைத்துக் கொடுத்தார். அன்று சாயங்காலம், எலி புகுந்துவிடுமே என்று ஒரு பழைய கோணிப்பையைச் சுருட்டிச் சதுர ஓட்டையில் இறுக்கித் திணித்துவிட்டுப் படுத்தேன்.

மறுநாள் காலையில் ரப்பர் பட்டை வாங்கக் கடைக்குப் போனேன். திரும்பி வந்தால் சதுர ஓட்டையைக் காணோம்.

அது இருந்த இடத்தில் செங்கல் வைத்து, கலவை அடித்து, பூசி முடித்திருந்தார் கொத்தனார். என்ன பூச்சு! கையை வைத்தால் வழுக்கும். ஓட்டை இருந்ததற்கு அடையாளமே இல்லை. கோணிப்பை உதறி, மடித்து, ஜன்னல் ஓரமாக வைக்கப்பட்டிருந்தது. கரணையைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் அடைத்தீர்கள் என்று கேட்டிருக்க வேண்டும். நாக்கு நுனி வரைக்கும் வந்தது. ஆனால் காலமெல்லாம் சுவர் கட்டுகிற மனிதர், காரணம் இல்லாமல் ஒன்றை அடைப்பாரா? தகரத்துக்குக் கீழே கொஞ்சம் சந்து விட்டிருக்கிறாரே, காற்றுக்கு அது போதும் என்று கணக்குப் போட்டிருப்பார். இப்போது போய் வாயைத் திறந்தால், உமக்கு வேலை தெரியவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்ன மாதிரி ஆகிவிடும். நான் தலையை ஆட்டினேன். அவரும் ஆட்டினார். அவர் முகத்தில் ஒரு நிம்மதி தெரிந்தது. நான் நினைத்தது சரிதான் என்று முடிவு கட்டினேன்.

வாங்கி வந்த ரப்பர் பட்டையைப் பட்டறைக் கதவைச் சுற்றி ஒட்டினேன். ஜன்னல்களைச் சுற்றி ஒட்டினேன். ஒயர் நுழைகிற துளையைக்கூட விடவில்லை. தூள் தப்பிப்போகக் கடுகளவு வழியும் இருக்கக் கூடாது. எல்லாம் முடிந்த பிறகு கதவைச் சாத்தினால், டிபன் பாக்ஸ் மூடி மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது.

சோதனைக்கு நாள் குறித்தது மனைவி. கழுத்தில் அளவு டேப், கையில் தையல் சாக்பீஸ், தோளில் ஒரு கறுப்புத் துணியோடு பட்டறைக்குள் வந்தாள்.

"இந்தத் துணியை ரம்பத்துக்குப் பக்கத்திலேயே விரிக்கிறேன். இங்க தூள் விழலேன்னா என் ரூமுக்கு எப்படி வரும்? மெஷினைப் போடுங்க. தம்பி ரெண்டு பலகையை அறுக்கட்டும். அப்புறம் பார்ப்போம். ஒரு பொட்டு வெள்ளை தெரிஞ்சாலும் கராஜ்தான்."

"நான் அறுக்குறேன்க்கா," என்றான் மச்சினன், தொப்பியைச் சரிசெய்துகொண்டே. "மாமா, தோத்தாலும் வருத்தப்படாதீங்க, ஸ்டூலுக்கு மெத்தை கூட..."

நான் வெளியே வந்துவிட்டேன். ஒயர் நீளம் பற்றாததால் மெஷினின் ஸ்விட்ச் சாய்ப்புக்குள்ளேயே இருந்தது. ஏணியை எடுத்துப் போக வந்த கொத்தனாரும் முற்றத்தில் நின்றிருந்தார். நான் சாய்ப்புக்குள் போய் ஸ்விட்சைத் தட்டினேன். வெளியே வந்து அதன் கதவை இழுத்துச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன்.

ஊளை அடங்கிவிட்டது. தூரத்தில் யாரோ வயிறு நிறையச் சாப்பிட்டுவிட்டுத் தூங்குகிற மாதிரி ஒரு மெல்லிய உறுமல் மட்டும் கேட்டது. அதே சமயம், பாதி திறந்திருந்த பட்டறைக் கதவு 'டப்' என்று தானாகவே மூடிக்கொண்டது. கதவுக்குக்கூட என் திட்டம் புரிந்துவிட்டதே என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

ஜன்னல் கண்ணாடி வழியாக உள்ளே பார்த்தேன். இரண்டு பலகையையும் அறுத்துப் போட்டுவிட்டு மச்சினன் பேசிக்கொண்டிருந்தான். வாய் அசைந்தது. சத்தம் வரவில்லை. இந்த இரண்டையும் ஒன்றாக நான் அதுவரை பார்த்ததே இல்லை. ஒரு வாளியைக் கவிழ்த்துப் போட்டு உட்கார்ந்தேன். கொத்தனாருக்கும் ஒரு வாளியைக் கவிழ்த்தேன். அவரும் உட்கார்ந்தார்.

உள்ளே மச்சினனின் தொப்பி தலையை விட்டுக் கிளம்பி, குழாய் வாயில் போய் ஒட்டி, மடங்கி, காணாமல் போனது. அவன் குழாயைப் பார்த்து ஏதோ சொன்னான். பிறகு மனைவியின் கழுத்திலிருந்த டேப்பின் ஒரு முனை மெதுவாகத் தலையைத் தூக்கி, குழாய்ப் பக்கம் நீண்டு, உள்ளே நுழைந்தது. அவள் மறுமுனையைப் பிடித்துக்கொண்டாள். மச்சினன் அவளைப் பிடித்துக்கொண்டான். இருவரும் காலை ஊன்றி இழுத்தார்கள். உறிஞ்சும் பலத்தைச் சோதிக்கிறார்கள் என்று நினைத்தேன். என் தொழிலில் அவர்கள் இவ்வளவு அக்கறை காட்டியது அதுவே முதல் தடவை. நெகிழ்ந்துபோய்க் கையை அசைத்தேன்.

மனைவியும் கையை அசைத்தாள். கொஞ்சம் வேகமாகவே அசைத்தாள்.

கொத்தனார் தொண்டையைச் செருமினார். திரும்பிப் பார்த்தேன். அவர் பட்டறைக் கதவைப் பார்த்தார். நானும் பார்த்தேன். நல்ல கதவு, என் கையால் செய்தது. பாராட்டுகிறார் என்று புரிந்துகொண்டு தலையை ஆட்டினேன். அவர் கொஞ்சம் தயங்கி, பிறகு ஆட்டினார்.

மனைவி கறுப்புத் துணியை எடுத்து, சாக்பீஸால் எதையோ எழுதி, கண்ணாடியில் வைத்து அழுத்தினாள். 'கதவு' என்று இருந்தது. அவளுமா! நான் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினேன். அவள் துணியைக் கீழே வைத்து இன்னொரு வார்த்தையை எழுதினாள். சாக்பீஸ் உடைகிற அளவுக்கு அழுத்தி எழுதியிருந்தாள். 'திறக்கல.'

வாளி உருள ஓடினேன்.

கதவு வெளிப்பக்கம் திறக்கிற கதவு. இழுத்தேன். அசையவில்லை. காலைச் சுவரில் ஊன்றி இழுத்தேன். ஊஹூம். உள்ளே இருக்கிற காற்றையெல்லாம் மெஷின் உறிஞ்சிக்கொண்டிருந்தது. ரப்பர் பட்டை புண்ணியத்தில் வெளிக்காற்று நுழைய வழியில்லை. கதவை உள்ளிருந்து நூறு பேர் பிடித்து இழுப்பது போல இருந்தது. சாய்ப்பிலோ, போக்கிடம் இல்லாத காற்று தகரத்துக்குக் கீழே இருந்த சந்து வழியாகப் பிதுங்க, தகரம் படபடத்து, 'பூம்ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கிளம்பியது. எதிர்வீட்டு மாடியிலிருந்து ஒரு குரல், "என்னங்க, கப்பல் ஏதாவது கிளம்புதா?" என்று கேட்டது.

மெஷினை நிறுத்தினால் போதும். அது எனக்கும் தெரியும். கதவுப் பிடியை விட மனமில்லாமல், கொத்தனாரைத் திரும்பிப் பார்த்தேன். போய் ஸ்விட்சை அணையுங்கள் என்று அர்த்தம். அவர் அந்தப் பார்வையை உள்வாங்கிக்கொண்டு, தலையை ஆட்டி, பின்னால் வந்து என் இடுப்பைச் சேர்த்துப் பிடித்து முழு பலத்தோடு இழுக்க ஆரம்பித்தார்.

உள்ளே மச்சினனுக்கு ஒரு யோசனை வந்தது. குழாயின் மறுமுனை சாய்ப்பில்தானே இருக்கிறது, அதற்குள் கத்தினால் மாமாவுக்குக் கேட்குமே! குனிந்தான். வாயைக் குழாய் வாயில் வைத்தான். 'மா' என்று தொடங்கியிருப்பான் போல. அந்த இடத்திலேயே அவன் வாய் ஒட்டிக்கொண்டது.

மெஷினின் உறுமல் சட்டென்று கீச்சுக் குரலாக மாறியது. குழாய் அடைபட்டதும் பட்டறைக் காற்றை இழுக்க மெஷினுக்கு வழியில்லாமல் போய்விட்டது. கதவு அடுத்த நொடி, பூப்போல, அவ்வளவு சாதுவாகத் திறந்துகொண்டது. நானும் கொத்தனாரும் ஒருவர் மேல் ஒருவராக மணல் குவியலில் போய் விழுந்தோம். எழுந்து, துப்பி, ஓடி, ஸ்விட்சை அணைத்தேன்.

மச்சினன் பாட்டில் மூடி திறக்கிற சத்தத்தோடு குழாயிலிருந்து விடுபட்டான். வாயைச் சுற்றிச் சிவப்பாக ஒரு வட்டம். அளந்து வரைந்தது போலிருந்தது. அவன் உதட்டைத் தொட்டுப் பார்த்தான். எதுவும் சொல்லவில்லை. அவன் பேசாமல் நிற்பதைப் பார்த்ததும் அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது.

"டேய், ஏதாவது சொல்லுடா."

"தொப்பி போச்சு," என்றான்.

அவளுக்கு உயிர் வந்தது. வந்ததும் என் பக்கம் திரும்பினாள். கறுப்புத் துணியை மேசையில் விரித்தாள்.

"பாருங்க. வெள்ளை."

"அது நீ எழுதினது."

"எழுத்து எனக்குத் தெரியாதா? எழுத்துக்குப் பக்கத்துல இருக்கே பொடி, அது என்ன?"

"சாக்பீஸ் பொடி."

"மரத்தூளா இருந்தா?"

நான் குனிந்து பார்த்தேன். உண்மையிலேயே சொல்ல முடியவில்லை. துணி முழுக்க 'கதவு திறக்கல' என்று அப்பிக் கிடந்தது. சோதனைக்கு வைத்த துணியில் அவளே எழுதிவிட்டாள் என்பதை எடுத்துச் சொல்ல இது நேரமில்லை என்று மட்டும் தெரிந்தது.

"தம்பியே சொல்லட்டும்," என்றாள். "அவன் பொய் சொல்ல மாட்டான்."

என் சுவர், என் பக்கங்கள், பலகையைப் பார்த்துக்கொண்டு உட்காரும் அந்த நேரமெல்லாம் இப்போது அந்தச் சிவப்பு வட்டத்துக்குள் மாட்டிக்கொண்டிருந்தன. மரத்தூள் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நாளைக்கு நான் அவன் பக்கத்து ஸ்டூலில் இருப்பேன். மச்சினன் விரலால் பொடியைத் தொட்டான். முகர்ந்தான். நாக்கில் வைத்தும் பார்த்தான். என்னைப் பார்த்தான். பிறகு ரொம்ப நேரம் குழாயைப் பார்த்தான்.

"சாக்பீஸ்தான்க்கா."

"நல்லாப் பாத்துச் சொல்லுடா."

"சத்தியமா சாக்பீஸ். மாமா இங்கயே இருக்கட்டும்க்கா. அவர் மட்டும் வந்தா பரவாயில்ல, இந்த மெஷினையும்ல கூட்டிட்டு வருவாரு?" உதட்டைத் தடவிக்கொண்டான். "என்னைப் பேச விடாது."

மனைவி துணியை உதறி மடித்தாள். "சரி. பட்டறை இங்கயே இருக்கட்டும்."

எனக்கு அவனைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. அதற்குள் அவள், "ஆனா என்னை எதுக்கு உள்ள வச்சு அடைச்சீங்க? அதுக்குப் பதில் சொல்லுங்க," என்றாள். நான் கொத்தனாரைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்த்தார். "பார்த்தது போதும்! ரெண்டு பேரும் வாயைத் திறந்து பேசுங்க!"

கொத்தனார்தான் முதலில் வாயைத் திறந்தார்.

"ஓட்டையைப் போடச் சொன்னதும் சார்தான்மா. மறுநாள் வந்து பார்த்தா அதுல கோணியைத் திணிச்சு வச்சிருக்காரு. வேண்டாம்னு முடிவு பண்ணிட்டாரு போல, அடைக்கச் சொல்றாருன்னு நினைச்சேன். கேக்கலாம்னா, சார் முகத்தைப் பார்த்தா, வாயைத் திறந்தாலே அடிச்சுடுவாரு போல இருந்துச்சு. இல்லேன்னா நான் சும்மா இருக்கிற ஆளாம்மா? வீட்ல என்னை ரேடியோன்னுதான் கூப்பிடுவாங்க. இங்க வேலைக்கு வந்ததுலேர்ந்து பேசாம இருந்து இருந்து எனக்கு வயிறே உப்பிப்போச்சு. டாக்டர்கிட்ட போனேன். அவரு கேக்குறாரு, என்ன சாப்பிட்டீங்கன்னு..."

"எந்த டாக்டர்ணே?" என்றான் மச்சினன். அவன் கண்ணில் வெளிச்சம் வந்துவிட்டது.

அன்று பிற்பகலே சதுர ஓட்டையைத் திரும்ப உடைக்க ஆரம்பித்தார்கள். கொத்தனார் சாய்ப்புப் பக்கம், மச்சினன் பட்டறைப் பக்கம். முதல் செங்கல் விழுந்ததும் ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரிந்தது. அதன்பிறகு வயிற்று உப்பசத்தில் தொடங்கி, ஹெட்மாஸ்டர் முன்பல் வழியாக, எங்கெங்கோ போய்க்கொண்டிருந்தார்கள். முகம் நன்றாகத் தெரிய வேண்டும் என்பதற்காகவோ என்னவோ, இரண்டு பக்கமும் செங்கற்கள் விழுந்துகொண்டே இருந்தன. நான் வரைந்த கோடு எப்போதோ காணாமல் போயிருந்தது.

நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றேன். மனைவி என்னைப் பார்த்துக்கொண்டு நின்றாள். வாயைத் திறந்தேன்.

"ஓட்டை பெரிசாப் போகுது."

"காத்துதானே மாமா, தாராளமா வரட்டும்," என்றான் மச்சினன்.

"ஆமா சார், காத்துக்கு எதுக்குக் கணக்குப் பார்க்கணும்," என்றார் கொத்தனார் அந்தப் பக்கத்திலிருந்து. "நீ சொல்லுப்பா, அப்புறம் அந்த ஹெட்மாஸ்டரு?"

மனைவி வடிகட்டித் துணி தைப்பதற்காக, குழாய் கடித்துத் துப்பியதுபோக மீதியிருந்த டேப்போடு ஓட்டையின் அகலத்தை அளக்க வந்தாள். அவள் ஒரு ஓரத்தில் விரலை வைத்து மறு ஓரத்துக்கு டேப்பைக் கொண்டுபோவதற்குள் இன்னொரு செங்கல் விழுந்தது.